இணைப்பு அலமாரி

ஒருங்கிணைப்பு வருவதற்கு முன்னால் செண்பகத்துக்கு எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்து வந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாராவது வந்து, அந்தக் குழு மட்டும் இல்லாவிட்டால் அந்தப் பெண்ணின் கதி என்ன ஆகியிருக்கும் என்று என்னிடம் கேட்டால், நான் மரியாதையாகப் பதில் சொல்லுவேன் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

நான் அப்துல் வஹாப். பழவேற்காட்டுக்காரன். கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்கு எதிரே வெற்றிலை பாக்கு, பீடி, சோப்பு விற்கிறேன். கேட்டவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். என் கடை வாசலில்தான் பச்சையப்பன் தன் ஜட்காவை நிறுத்துவான். ஸ்டேஷனிலிருந்து அவன் ஊர் ஓடப்பாக்கம் இரண்டு மைல். அந்த இரண்டு மைலுக்கு அவன் வண்டியை விட்டால் வேறு நாதி கிடையாது. ஐம்பத்தாறாம் வருஷத்து ஐப்பசி மழையில் ரோடு கரைந்து அவன் வண்டி கவிழ்ந்தது. உள்ளே அவன் பெண்சாதி செண்பகம் இருந்தாள். இடுப்பெலும்பு போய்விட்டது. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று மாசம் வைத்திருந்து, இனிமேல் படுக்கைதான் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வண்டியை ஓட்டினவன் அவன். அதனால் யாரும் ஒரு வார்த்தை சொல்லாமலே அவன் தினம் தினம் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தான்.

படுத்தே கிடந்ததில் செண்பகத்துக்கு இடுப்பில் புண் வந்தது. அதற்குச் செவ்வாயும் வெள்ளியும் நர்சம்மா சாராள் நடந்தே வருவாள். புண்ணைக் கழுவி, மருந்து போட்டு, புரட்டிப் படுக்கவைத்து, பச்சையப்பனை நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போவாள். சனிக்கிழமை சர்ச்சு உபதேசியார் பால் பவுடர் கொண்டுவந்து கொடுப்பார். சாராளுக்கு உபதேசியார் வருவது தெரியாது. உபதேசியாருக்குச் சாராள் வருவது தெரியாது. புண் காலணா அளவுக்குச் சுருங்கியிருந்தது.

இந்தக் கொடுமை மேலிடத்துக்கு எட்டியது. ஒரே வீட்டுக்கு இரண்டு உதவி போகிறது, ஒன்றுக்கொன்று தெரியவில்லை. ஆகவே ஐம்பத்தேழாம் வருஷம் ஓடப்பாக்கம் பஞ்சாயத்து போர்டில் சுகாதார–சமூக நல இணைப்புக் குழு என்று ஒன்று பிறந்தது. அதற்குத் தலைவர் ரைஸ்மில் தேசப்பன். சுகாதாரப் பக்கத்துக்கு ஹெல்த் இன்ஸ்பெக்டர் சின்னதுரை. நலப் பக்கத்துக்கு அமைப்பாளர் ஜானகியம்மாள். பந்தல் போட்டு, பூ கட்டி, மேளம் வைத்து ஆரம்ப விழா நடந்தது. தேசப்பன் ஒன்றரை மணி நேரம் பேசினார்.

"சகோதர சகோதரிகளே, இதுவரை நம் ஊர் ஏழை வாரத்தில் மூன்று தரம் சந்தோஷப்பட்டு வந்தான். செவ்வாய்க்கிழமை மருந்து வந்ததென்று சந்தோஷம். வெள்ளிக்கிழமை மறுபடியும் சந்தோஷம். சனிக்கிழமை பால் வந்ததென்று சந்தோஷம். இந்த ஒழுங்கீனத்தை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது? இனி எல்லாச் சந்தோஷமும் ஒரே நாளில், ஒரே இடத்தில், ஒரே பூட்டுக்குள் இருக்கும்."

கூட்டம் கை தட்டியது. பச்சையப்பனும் தட்டினான். அவனுக்குப் பக்கத்தில் நின்று நானும் தட்டினேன். அந்தப் பாவத்தை மறைக்க மாட்டேன்.

ஒரே பூட்டு என்று சொன்னது மேடைக்காக. நிஜத்தில் பூட்டு இரண்டு. போர்டு ஆபீஸ் தாழ்வாரத்தில் பச்சை வர்ணம் அடித்த ஓர் இரும்பு அலமாரி வந்து இறங்கியது. பெயர் இணைப்பு அலமாரி. மேல் தட்டில் பஞ்சு, துணி, மருந்து. கீழ்த் தட்டில் உபதேசியாரிடமிருந்து வாங்கி வைத்த பால் பவுடர் டின்கள். ஒரு சாவி சின்னதுரை இடுப்பில், இன்னொன்று ஜானகியம்மாள் கைப்பையில். இரண்டும் ஒரே சமயத்தில் திரும்பினால்தான் கதவு திறக்கும். அதுவும் ஒரே ஓர் ஆளுக்காகத் திறந்தால் பூட்டுக்குத் தேய்மானம் என்று, குறைந்தது இரண்டு பயனாளிகள் இருந்தால்தான் திறக்க வேண்டுமென்று விதி செய்தார்கள். பயனாளி என்றால் மஞ்சள் அட்டை வைத்திருப்பவர். அட்டையின் இடது பக்கம் 'நோயாளி' என்று சின்னதுரை கையெழுத்துப் போட வேண்டும். வலது பக்கம் 'ஆதரவற்றவர்' என்று ஜானகியம்மாள் போட வேண்டும். இரண்டும் இல்லாமல் யாருக்கும் ஒரு முழம் துணி கிடையாது.

அலமாரிக்கு மேலே குழுவின் பெயர்ப் பலகை. கனமான இரும்புத் தகடு. அதைத் தொங்கவிட இரண்டு ஆணி வேண்டும். சுகாதாரப் பக்கம் தன் ஆணியை முதல் நாளே அடித்துவிட்டது. நலப் பக்கத்து ஆணிக்கு மேலிடத்து உத்தரவு வரவில்லை. பலகை ஒற்றை ஆணியில், ஒரு பக்கம் சாய்ந்து தொங்கியது. இது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

விதிகள் மொத்தம் பதினாலு. எல்லாம் தேசப்பன் தன் கையால் எழுதியவை. மாசாமாசம் கூட்டம் தொடங்கும்போது அவற்றை உரக்க வாசிப்பார்கள். வாசித்து முடியும்வரை எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். பச்சையப்பன் அட்டைக்காகப் பதினோரு கூட்டம் போனான். அவனுக்கு எழுத்து வாசனை கிடையாது. ஆனால் பதினோரு தரம் நின்றுகொண்டே கேட்டதில் பதினாலு விதியும் மனப்பாடம் ஆகிவிட்டது.

முதல் மனுவை நான்தான் எழுதினேன். அதை வாங்கிப் பார்த்து சின்னதுரை சொன்னார்:

"இது வியாதி இல்லப்பா. ஆக்சிடென்ட். எலும்பு முறிஞ்சுது, கூடிச்சு, கேஸ் முடிஞ்சுது. இப்ப மிச்சம் இருக்கிறது நிலைமை. நிலைமை எங்க டிபார்ட்மென்ட் இல்ல."

"புண்ணு கீதுங்களே."

"புண்ணு வியாதிதான். நான் இல்லேன்னு சொல்லல. ஆனா அது எதனால வந்தது? படுத்துக் கிடந்ததால வந்தது. படுத்துக் கிடக்கிறது நலத்துறை. மனுவை வெச்சுட்டுப் போ, பாக்கலாம்."

ஜானகியம்மாள் இன்னும் பொறுமையாக விளக்கினாள். அவள் பட்டணத்தில் படித்தவள். யாரையும் கடிந்து பேச மாட்டாள்.

"பச்சையப்பன், உங்க மனைவி படும் கஷ்டம் எனக்கு நல்லாப் புரியுது. ஆனா ஆதரவற்றவர்னா ஆதரவு இருக்கக்கூடாது இல்லையா? அவங்களுக்கு நீங்க இருக்கீங்க. வண்டி இருக்கு. குதிரை இருக்கு. நீங்க மட்டும் இல்லேன்னா நான் இந்த நிமிஷமே கையெழுத்துப் போட்டுடுவேன். மனுவை வெச்சுட்டுப் போங்க, பாக்கலாம்."

அன்று சாயங்காலம் அவன் என் கடைப் பலகையில் வந்து உட்கார்ந்தான்.  நிஜமாகவே யோசனை கேட்கிறவன் மாதிரி கேட்டான்:

"பாய், நான் செத்துட்டா அவ ஆதரவு இல்லாதவ ஆய்டுவா இல்ல?"

"ஆயிடுவா."

"அப்போ அட்டை குடுத்துருவாங்களா?"

"மனுவில காப்பாளர் கையெழுத்து வேணும்பா. காப்பாளர் நீதான்."

"அப்போ செத்தும் பேஜாருதானா," என்றான். குதிரைக்குப் புல் போட எழுந்து போனான். 

இதற்கிடையில் சாராள் ஒரு காரியம் செய்துவிட்டாள். அட்டை இல்லாத ஆளைத் தொடக்கூடாது என்று உத்தரவு வந்த மூன்றாம் மாசம், மனசு கேட்காமல், தன் பழைய சேலையைக் கிழித்துக் கொதிக்கவைத்து எடுத்துக்கொண்டு போய் செண்பகத்துக்குக் கட்டிவிட்டு வந்தாள். நாலு நாளில் அவளுக்கு மெமோ வந்தது. அதை என்னிடம் வாசிக்கக் கொடுத்தாள். 'தாங்கள் இணைப்பில்லாத கருணையில் ஈடுபட்டதாகத் தெரிய வருகிறது. மறுமுறை ஈடுபட்டால் வேலையிலிருந்து நீக்கப்படுவீர்கள்.' கீழே தேசப்பன் கையெழுத்து. சாராளுக்குப் புருஷன் இல்லை, இரண்டு பெண்பிள்ளைகள். மெமோவை மடித்துத் தன் மருந்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

ஆறாம் மாசம் கூட்டுப் பார்வை நடந்தது. இரண்டு அதிகாரிகளும் சேர்ந்து வந்து பார்ப்பதற்குக் கூட்டுப் பார்வை என்று பெயர். பச்சையப்பன் ஜட்காவிலேயே வந்தார்கள். முன்பக்கம் யார் உட்காருவது, பின்பக்கம் யார் என்பதில் அரை மணி போயிற்று. கடைசியில் இருவரும் பின்னாலேயே உட்கார, வண்டி முன்பக்கம் தூக்கி, குதிரை பாதிவழி ஆகாசத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தது. வீட்டு வாசலில் நின்று சின்னதுரை மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டார். ஜானகியம்மாள் மட்டும் உள்ளே தலையை நீட்டி, "அம்மா, உங்களுக்குக் கூடை முடையத் தெரியுமா?" என்று கேட்டாள்.  கூரைக்கு இத்தனை அடி, கதவுக்கு இத்தனை அடி என்று அளந்து எழுதிக்கொண்டார்கள். கூட்டறிக்கையில், 'நோயாளி என்று கூற இயலாதவரின் கணவர் நல்ல முறையில் ஒத்துழைத்தார்' என்று இருந்தது.

புண் உள்ளங்கை அளவுக்கு வந்துவிட்டது. ராத்திரியில் அவள் முனகுவது தெருவுக்குக் கேட்கும் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். ஒரு வருஷமாக ஒரு மனுஷருக்கும் அட்டை கொடுக்கவில்லை. அலமாரி ஒரு தரம்கூடத் திறக்கவில்லை. பூட்டு புதுக்கருக்கு மாறாமல் இருந்தது.

ஆண்டு விழா வந்தது. பச்சையப்பனிடம் போர்டு ஆள் வந்து சொல்லிப் போனான்: செண்பகத்தை விழாவுக்குக் கூட்டிவர வேண்டும். 'பரிசீலனையில் உள்ள பயனாளி' என்று மக்களுக்குக் காட்டுவார்கள். மேடையிலேயே அட்டை கொடுத்தாலும் கொடுக்கலாம். அவன் நம்பினான். ஜட்காவில் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் இரண்டு சமுக்காளம் விரித்து, அவளைக் குப்புறப் படுக்கவைத்து, வழி முழுக்கக் குதிரையைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தான். தாழ்வாரத்துக்கு எதிரே புளியமரத்தடியில் வண்டி நின்றது. காலை பத்து மணி. விதி வாசிப்பு முடியப் பதினொன்று. தேசப்பன் பேச எழுந்தார்.

"இந்த ஒரு வருஷத்தில் நாம் எந்தத் தவறும் செய்யவில்லை. எதையாவது கொடுத்திருந்தால்தானே தவறான ஆளுக்குப் போயிற்று என்று ஒருவன் சொல்ல முடியும்? அலமாரியில் வைத்த பொருள் வைத்தபடி இருக்கிறது. ஒரு டின் குறையவில்லை. ஒரு சுருள் துணி குறையவில்லை. இப்படி ஒரு ஆஸ்பத்திரியை நீங்கள் காட்ட முடியுமா?"

வெயில் ஏறியது. வண்டிக்குள்ளிருந்து முனகல் கேட்டது. பச்சையப்பன் தன் தோளிலிருந்த துண்டை நனைத்து அவள் கழுத்தில் போட்டான். தேசப்பன் இன்னும் பேசினார். ஒரு மணிக்குச் செண்பகத்தின் மனுவை எடுத்து உயர்த்திக் காட்டி, "இந்த அம்மையாரின் விஷயம் அடுத்த காலாண்டுக் கூட்டத்தில் நிச்சயமாகப் பரிசீலிக்கப்படும்," என்றார். கூட்டம் கை தட்டியது. இந்தத் தடவை நான் தட்டவில்லை. பச்சையப்பன் முகத்தைப் பார்த்தேன். ஒரு வருஷமாக அந்த முகத்தில் இருந்த குழப்பம் அப்போது போய்விட்டது. அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

தேசப்பன் முடிவுரைக்கு வந்தார். அலமாரிக்குப் பக்கத்தில் போய் நின்று, பலகையை உள்ளங்கையால் ஓங்கித் தட்டி, "இரு துறையும் ஒரு துறையாக இதைத் தாங்கி நிற்பதுபோல," என்றார். ஒற்றை ஆணி அதற்குமேல் தாங்கவில்லை. பலகை செங்குத்தாக இறங்கி அவர் வலது காலில் விழுந்தது. பாதத்தில் நீளமாகப் பிளந்துவிட்டது. வெள்ளை வேட்டி கரை தெரியாமல் சிவந்தது.

நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். யாரோ துண்டைச் சுற்றினார்கள், துண்டும் நனைந்தது. ஜீப்பைக் கொண்டுவரச் சொன்னார். ஜீப் சுகாதாரப் பக்கத்துடையது, டிரைவர் நலப் பக்கத்துடையவர், அன்று டிரைவர் லீவு. தேசப்பன் கண் புளியமரத்தடிக்குப் போயிற்று.

"டேய் பச்சையப்பா, அவளை இறக்கிட்டு வண்டியை இப்படிக் கொண்டா."

 பச்சையப்பன் கையைக் கட்டிக்கொண்டு, ரொம்பப் பணிவாகச் சொன்னான்:

"எறக்க முடியாதுங்க மொதலாளி. அவ பரிசீலனையில கீறா. பரிசீலனையில கீற கேஸை எடத்தை விட்டு அசைக்கக் கூடாதுங்க. ரூல் ஒம்போது. நீங்க எழுதனதுதான்."

சாராள் முன்னால் வந்து துண்டை விலக்கிப் பார்த்தாள். காலைத் தூக்கி இன்னொரு நாற்காலியில் வைத்தாள். "உயிருக்கு ஒண்ணும் ஆவாதுங்க. தையல் போட்டுக் கட்டணும். அதுவரைக்கும் வலிக்கும்," என்று சொல்லிவிட்டு அலமாரிப் பக்கம் கையை நீட்டினாள்.

"நர்சம்மா," என்றான் பச்சையப்பன். "ஐயாவாண்ட அட்டை கீதா?"

சாராள் கை அப்படியே நின்றது. தன் பையைத் திறந்தாள். மெமோவை எடுத்து விரித்து, ஒரு தரம் முழுக்க வாசித்தாள். பிறகு கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு தள்ளிப் போய் நின்றாள்.

"இணைப்பில்லாத கருணை ஆயிடுங்களே ஐயா. எனக்கு ரெண்டு பொண்ணு இருக்குதுங்க," என்றாள்.

பூட்டை உடை என்று கத்தினார் தேசப்பன். பாதி அலமாரி நலத்துறையுடையது, தீர்மானம் இல்லாமல் உடைத்தால் தன் வேலை போய்விடும் என்றார் சின்னதுரை. மிச்சப் பாதி சுகாதாரத்துறையுடையது என்றாள் ஜானகியம்மாள். வேறு வழியில்லை. அட்டை கொண்டுவந்தார்கள்.

சின்னதுரை பேனாவை எடுத்தவர் தயங்கினார். "ஐயா, இது ஆக்சிடென்ட். ஆக்சிடென்ட் வியாதி இல்லேன்னு நானே அந்தம்மா கேஸ்ல எழுதி வெச்சிருக்கேன். இப்ப இதை வியாதின்னா அதுவும் வியாதி ஆயிடும்."

"ஆயிட்டுப் போகட்டும்யா. போடு கையெழுத்தை."

போட்டார். அடுத்தது ஜானகியம்மாள். அவள் கண்களில் நீர் தளும்பியது. "ஐயா, உங்களுக்கு மில் இருக்கு. நாப்பது ஏக்கர் இருக்கு. உங்களை ஆதரவற்றவர்னு நானா எழுத முடியாது. நீங்களே எழுதிக் கொடுத்தா முடியும்."

எழுத ஆள் வேண்டும். என்னைக் கூப்பிட்டார்கள். இருபது வருஷமாக மனு எழுதுகிறேன். அன்று எழுதின மாதிரி ஒரு நாளும் எழுதியதில்லை. எழுத்து எழுத்தாக, நிதானமாக எழுதினேன். 'ஓடப்பாக்கம் தேசப்பனாகிய நான், எனக்கென்று ஆதரவாக ஒருவருமில்லாத அனாதை என்றும், என் காலுக்கு ஒரு முழத் துணி கட்டக்கூட வழியில்லாதவன் என்றும், இந்தக் குழுவின் கருணையைத் தவிர வேறு கதியில்லாதவன் என்றும் முழு மனதுடன் இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்.' கையெழுத்துப் போடும் முன் கூட்டத்துக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்பதும் விதி. வாசித்தேன். எனக்கு நல்ல குரல். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

அட்டை தயார். சின்னதுரையும் ஜானகியம்மாளும் சாவியை நுழைக்கப் போனார்கள்.

"ஒரு ஆளுக்கு அலமாரி தொறக்கலாமாங்க?" என்று கேட்டான் பச்சையப்பன்.

 விதி ஐந்து எல்லோருக்கும் தெரியும். இன்னொரு பயனாளி வேண்டும். ஊரில் மனு தயாராக இருந்த ஒரே ஆள் புளியமரத்தடியில் படுத்திருந்தாள். தேசப்பன் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "போட்டுத் தொலைங்க," என்றார். ஒரு வருஷம் முடியாத காரியம் ஒரு நிமிஷத்தில் முடிந்தது. இடது பக்கம் நோயாளி. வலது பக்கம் ஆதரவற்றவர். அவளுக்குப் புருஷன் இருப்பதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

கதவு திறந்தது. சாராள் துணியையும் மருந்தையும் எடுத்துக்கொண்டு தேசப்பனைத் தாண்டி நடந்தாள்.

"எங்க போறே நீ?"

"மனு தேதி வரிசையிலதான் கட்டணுங்க. அந்தம்மா மனு போன வருஷத்து ஆவணி. உங்களுது இப்பதான்."

ஜட்காவுக்குச் சேலையால் மறைப்புக் கட்டி, உள்ளே ஏறினாள். வெந்நீர் கேட்டாள், வைத்துக் கொடுத்தார்கள். ஆறவைத்தாள். புண்ணைச் சுற்றி அழுகினதையெல்லாம் ஒன்றுவிடாமல் எடுத்தாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்த முக்கால் மணி நேரமும் தேசப்பன் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முனகினார். தெருவுக்கே கேட்டது. எனக்கு இரக்கம் வந்ததா என்று கேட்டால், வரவில்லை. காத்துப் பார்த்தேன், வரவில்லை.

அதோடு விடவில்லை அவருடைய விதிகள். பயனாளியாக இருப்பவர் குழுவில் இருக்கக்கூடாது என்று பதினோராம் விதி. அடுத்த வாரமே தலைவர் பதவி போயிற்று. தலைவர் இல்லாமல் கூட்டம் கூட முடியாது. கூட்டம் இல்லாமல் விதியை மாற்ற முடியாது. ஆனால் கொடுத்த அட்டை கொடுத்ததுதான். செவ்வாயும் வெள்ளியும் இரண்டு சாவியும் திரும்புகின்றன. சாராள் முதலில் செண்பகத்துக்குக் கட்டிவிட்டு, பிறகு மில் வீட்டுக்குப் போகிறாள். கால் ஆறி மாசக்கணக்காகிவிட்டது. அட்டை இருக்கும்வரை கட்டத்தான் வேண்டும், ஆறின காலில் கட்டுகிறாள். சனிக்கிழமை இரண்டு அதிகாரிகளும் பால் பவுடர் டின்னோடு ஜட்காவில் வந்து இறங்கி, ஆதரவற்றவர் தேசப்பன் வீடு இதுதானா என்று நடைமுறைப்படி உரக்கக் கேட்டு, அவர் தங்கள் கண்ணெதிரே குடிப்பதைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். மில் கூலிக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்கிறார்கள்.

பேரை நீக்கவும் ஒரு வழி உண்டு. பதினாலாவது விதி. அட்டை பெற்ற இன்னொரு பயனாளி, 'இவர் இனி எங்களில் ஒருவர் அல்ல' என்று எழுதிக் கைநாட்டு வைக்க வேண்டும். ஊரிலேயே அப்படி ஒரே ஓர் ஆள்தான். தை பிறந்த பிறகு தேசப்பன் என் கடைக்கு வந்து, கெஞ்சாத குறையாக மனு எழுதி வாங்கிக்கொண்டார். நானும் கூடப் போனேன். அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பச்சையப்பன் வாசலில் குதிரையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். எழுந்திருக்கவில்லை. "உள்ள கீறா. அவளையே கேளுங்க," என்றான்.

செண்பகம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். புண் மறுபடி காலணா அளவுக்கு வந்திருந்தது. தேசப்பன் குனிந்து உள்ளே வந்து மனுவை நீட்டினார். நான் வாசித்துக் காட்டினேன்.

"பாய், இவரு பேரை எடுத்துட்டா அட்டை எத்தினி மிச்சம்?" என்று கேட்டாள்.

"ஒண்ணு. உன்னுது மட்டும்."

"ஒரு அட்டைக்கு அலமாரி தொறப்பாங்களா?"

"தொறக்க மாட்டாங்கம்மா."

 அவள் தேசப்பன் கையிலிருந்து மனுவை வாங்கி, நாலாக மடித்து, தலையணைக்கு அடியில் செருகினாள்.

"வெச்சுட்டுப் போங்க மொதலாளி," என்றாள். "பாக்கலாம்."